மலை முதல் கடல் வரை ஒரே தண்ணீர்



நகரத்துத் தண்ணீரைப் பற்றி இன்று நாம் பேசப் போகிறோம். நகரத்துக் குழாய்க்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு மிகவும் நெருங்கியது. கோலாலம்பூரும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கும் அருந்தும் நீர், மலைக்காடுகளில் ஊறி, ஆறாகப் பெருகி, தோட்டங்களையும் கம்பங்களையும் ஆலைகளையும் கடந்து வருகிறது. நம் உற்றார் உறவினர் பலர் அந்நகரங்களில் குடியிருக்கின்றனர். ஆற்றின் மேற்பகுதியில் நேரும் கேடு, அவர்கள் வீட்டுக் குழாயில் வந்து முடிகிறது.

முதலில் வெள்ளத்தைப் பார்ப்போம். இன்றைய நகரின் பல பகுதிகள் நேற்றைய ரப்பர்த் தோட்டங்கள். புக்கிட் ஜாலிலில் ஒரு காலத்தில் பால் வெட்டினார்கள். 1998-ஆம் ஆண்டு முதல் அங்கே தேசிய விளையாட்டரங்கம் விளங்குகிறது. தோட்டத்துச் சரிவில் படிப்படியாகத் தளம் வெட்டுகிறோம், மூடுபயிர் வளர்க்கிறோம், நீரும் மண்ணும் ஓடிவிடாதபடி குழிகள் தோண்டுகிறோம். ஆகவே மழைநீர் நின்று நிதானித்து மண்ணில் இறங்குகிறது. அதே நிலத்தில் தாரும் சிமெண்டும் பரவிவிட்டால் நீருக்குப் புகலிடம் ஏது? கால்வாய்க்கு விரைகிறது, திடீர் வெள்ளமாகிறது.

1971 ஜனவரியில் கோலாலம்பூர் வெள்ளத்தில் தத்தளித்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நகரின் மையப் பகுதியைக் காப்பதற்காக 2007-ஆம் ஆண்டில் 'ஸ்மார்ட்' சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 9.7 கிலோமீட்டர். மற்ற நாட்களில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. மழை மிகுந்தால் சாலைக்குக் கீழே உள்ள பாதையில் வெள்ளநீர் செல்கிறது. பெருமழை பெய்தால் வாகனங்களை நிறுத்திவிட்டுச் சுரங்கம் முழுவதையும் வெள்ளத்திற்கே விட்டுவிடுகின்றனர். இது பெரும் சாதனையே. எனினும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கின. ஓரிடத்தைக் காக்கும் ஒரு சுரங்கம், ஆறு முழுவதற்கும் காவலாகிவிடாது.

இதனை உணர்ந்தே வடிகால், நீர்ப்பாசன இலாகா 2000-ஆம் ஆண்டில் நகர மழைநீர் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டது. விழுந்த இடத்திலேயே மழைநீரைக் குளங்களில் தேக்கி, மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். நம் தோட்டத்துக் குழிகள் செய்வதும் அதே வேலைதான்.

இனி குடிநீர். கிள்ளான் கேட்ஸ் அணை 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. நகரம் பெருகப் பெருக, மேலும் பல அணைகள் எழுந்தன. அவ்வாறிருந்தும் 1998-ஆம் ஆண்டு வறட்சியின்போது கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பங்கீட்டுத் தண்ணீருக்குக் காத்துக்கிடக்க நேர்ந்தது. பின்னர் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து, பகாங் மாநிலத்தின் நீரைச் சிலாங்கூருக்குக் கொணர 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் நீரைக் கடத்தக்கூடிய சுரங்கம் அது. ஆனால், நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாய்க் கசிவினாலும் திருட்டினாலும் அளவுமானிகளின் பழுதினாலும் கணக்கில் வராமற் போகிறது. ஓட்டை வாளியில் பால் சுமப்பவர் உண்டோ? புதிய அணைக்கு முன் பழைய குழாயைச் செப்பனிடுவதே விவேகம்.

அளவு போதுமானால் மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் ஒரு சிற்றாற்றில் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றை அடைந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் தடைப்பட்டது.

ஏன் நிறுத்த வேண்டும், சுத்தம் செய்து கொடுக்கலாகாதா? அமிலம் சேர்த்துப் பாலை உறையவைப்பதுபோல், சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்த்துச் சேற்றைத் திரளவைத்துப் படியச் செய்கின்றனர். பின்னர் மணலில் வடிகட்டிக் குளோரின் இடுகின்றனர். ஆனால் நீரில் கரைந்துவிட்ட நஞ்சு சேற்றைப்போல் படிவதில்லை. பால் உறையாமலிருக்க நாம் சேர்க்கும் அம்மோனியாவையே எடுத்துக்கொள்வோம். கழிவுகளின் வழியே அது ஆற்றில் மிகுந்தால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினை அதுவே விழுங்கிவிடும். கதவை மூடுவதைத் தவிர நிலையத்தாருக்கு வேறு வழியில்லை.

நம் தொழிலும் ஒரு காலத்தில் ஓடைகளைக் கெடுத்ததுதான். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்தன. ஆலைக் கழிவுநீரைக் குளங்களில் நிறுத்திப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் முறை பரவியது. ரப்பர் ஆலைக்கு இயன்றது மற்ற ஆலைகளுக்கும் இயலும்.

மழைநீர், குடிநீர், கழிவுநீர், ஆற்றுநீர் என்று நாம்தான் பெயர் பிரிக்கிறோம். மலை முதல் கடல் வரை எல்லாம் ஒரே தண்ணீர். அணைக்கு ஓர் அலுவலகம், வடிகாலுக்கு ஓர் அலுவலகம் என்று தனித்தனியே இயங்காமல், யாவரும் கூடி ஒரே திட்டத்தில் பேணுவதே ஒருங்கிணைந்த நீர் நிர்வாகம்.

இதில் நமக்கும் பங்குண்டு. களைக்கொல்லித் தெளிப்பான்களையும் காலித் தகரங்களையும் ஓடையில் கழுவலாகாது. அவற்றைக் கழுவத் தக்க இடம் அமைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. இல்லையெனில் சங்கக் கிளையின் வாயிலாகக் கேட்டுப் பெறுவோம். ஆற்றோரத்துப் புல்லையும் மரங்களையும் அழியாமல் காப்போம். சொட்டும் குழாயை உடனே பழுதுபார்க்கச் செய்வோம். கூரைநீரைப் பீப்பாயில் பிடித்து, ஏடிஸ் கொசு புகாதபடி மூடி வைப்போம்.

நம்மைக் கடந்து செல்லும் நீர் இன்னொருவர் வீட்டுக் குழந்தை குடிக்கப்போகும் நீர். அதனைத் தூய்மையாக அனுப்பிவைப்போமாக.