வேலை கொடுப்பவர் மதிப்பெண் மட்டுமா பார்க்கிறார்?

(காவிரிப் பாசனப் பகுதி உழவர் மன்றக் கூட்டம் ஒன்றில், விதை நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வேளாண்மைப் பட்டதாரி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மன்றத்தில் வழக்கமாகப் பயிரைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த வட்டாரத்திலிருந்து பல பிள்ளைகள் வேளாண்மைக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர், "ஐயா, என் மகன் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். மூன்று கம்பெனிக்குப் போனான், மூன்றிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு என்னதான் வேண்டுமாம்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தவன்.

மார்க் தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அரசு வேளாண்மை அலுவலர் பணிக்கு எழுத்துத் தேர்வு உண்டு. வங்கியில் வேளாண் கள அலுவலர் ஆவதற்கும் எழுத்துத் தேர்வில் தேறினால்தான் நேர்முகத் தேர்வு. தனியார் நிறுவனத்திலும் விண்ணப்பம் குவிந்துவிட்டால் மார்க்கை வைத்துத்தான் முதலில் சலிப்பார்கள். ஆனால் சலித்த பிறகு அறைக்கு வெளியே காத்திருக்கும் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே மார்க் வாங்கியவர்கள். அதற்கு மேல் மார்க்கைப் பார்த்து என்ன பயன்?

நெல்லைக் கடித்த பையன்

நான் மேசைமேல் ஒரு தட்டில் கொஞ்சம் நெல் வைத்திருப்பேன். "இதை விதைக்குச் சேமிக்கலாமா?" என்று கேட்பேன். ஒரு முறை, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது சார், முளைப்புத் திறன் குறைந்தது 80 சதம் இருக்க வேண்டும்" என்று ஒப்பித்தார். சொன்னது அத்தனையும் சரி. அடுத்து வந்தவர் நடுத்தர மார்க்காரர். நெல்லை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "சார், கடித்தால் சுள்ளென்று உடையவில்லை, கொஞ்சம் நசுங்குகிறது. இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும். எத்தனை சதம் என்று ஈரமானி வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்றார்.

அவரைத்தான் எடுத்தோம். நெல்லைக் கடித்ததற்காக மட்டும் அல்ல. "பார்க்காமல் சொல்ல முடியாது" என்றாரே, அதற்காக. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற பிள்ளை கிடைப்பது அருமை. கேட்ட கேள்விக்கெல்லாம் ஏதாவது ஒரு பதில் சொல்லியே தீர வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவிடுகிறோம். வயலில் அந்தப் பழக்கம் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதக்கம் வாங்கிய பிள்ளை ஒருவரை, சான்றிதழ்களைப் பார்த்து மயங்கி, கேள்வியே கேட்காமல் எடுத்துவிட்டேன். நெல் விதைப் பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பூக்கும் தருணத்தில் வயலுக்குள் இறங்கிக் கலவன்களைக் காட்டி, பிடுங்கச் சொல்ல வேண்டும். சான்று விதைப் பயிரில் கலவன் 0.2 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உங்களில் விதைப் பண்ணை வைத்தவர்களுக்குத் தெரியும்; ஆயிரம் கதிரில் இரண்டு. இவர் வரப்பிலேயே வண்டியை நிறுத்தி, "பயிர் சீராக உள்ளது" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். சான்றளிப்புத் துறையினர் வந்து எண்ணிப் பார்த்து வயல்களைத் தள்ளிவிட்டார்கள். ஆறு குடும்பங்கள். விதை விலை கிடைக்கும் என்று நம்பிச் செலவழித்தவர்கள் சாதாரண நெல் விலைக்குப் போட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள் என்னிடம், "சார், அந்தத் தம்பி ஒரு தடவை உள்ளே இறங்கிப் பார்த்திருந்தால் நானே ஆள் விட்டுப் பிடுங்கியிருப்பேனே" என்றார். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு இல்லை. கலவனைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவார். சேற்றில் கால் வைக்கக் கூச்சம், அவ்வளவுதான். அவரை எடுத்தவன் நான். அந்த அம்மாளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சேறு படாமல் வளர்ப்பது

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது, கோபிக்கக் கூடாது. "என் பையன் காலில் சேறு படாமல் படிக்க வைத்தேன்" என்று பெருமையாகச் சொல்லும் தகப்பனார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாம் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்ற எண்ணம் இயற்கைதான். டாக்டருக்கோ வக்கீலுக்கோ படித்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை படிக்கும் பிள்ளையைச் சேறு படாமல் வளர்த்தால், அவனுக்கு வேலை தேடித் தரக்கூடிய பொருளை வீட்டிலேயே பூட்டி வைத்தது போலாகிறது. நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத வசதி அது.

விடுமுறைக்கு வரும்போது அவனிடம் ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். நாற்றங்கால் விடுவது என்றால் விதை வாங்குவது முதல் பறித்துக் கட்டுவது வரை அவன் பொறுப்பு. ஆள் கூப்பிடுவதும், கூலி கொடுப்பதும், கணக்கு எழுதுவதும் அவனே. தப்புச் செய்வான், செய்யட்டும். "எங்கள் வயலில் இந்தச் சம்பாவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு செலவானது, இந்த இடத்தில் வீணாக்கிவிட்டேன்" என்று நேர்முகத் தேர்வில் ஒரு பிள்ளை சொன்னால், எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "உங்கள் வீட்டில் எத்தனை ஏக்கர், என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "அப்பாவுக்குத்தான் தெரியும் சார்" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இன்னொன்று பேச்சு. இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்று பயந்துகொண்டே வருகிறார்கள். அறிக்கை எழுதும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டியதுதான். ஆனால் உரக் கம்பெனியோ, சர்க்கரை ஆலையோ, விதைக் கம்பெனியோ கொடுக்கும் சம்பளம், விவசாயியிடம் போய்ப் பேசுவதற்கு. அறுபது வயதுப் பெரியவரிடம், அவர் செய்வது தவறு என்பதை அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு முன் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைப் பற்றியும் நான் தவறாமல் கேட்பேன். பல கல்லூரிகளில் மாணவர்களே முறை வைத்து உணவு விடுதியை நடத்துகிறார்கள். ஒரு மாதம் காய்கறி வாங்கி, நூறு பேரின் ஏச்சையும் கேட்டு, கணக்கை நேராக ஒப்படைத்த பிள்ளைக்கு ஆளைக் கட்டி மேய்க்கத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன் என்று சான்றிதழ் மட்டும் நீட்டினால், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்போம். அதில் பாதிப் பேர் விழித்தார்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. களப் பணி என்றால் ஒரு நாளில் நாலைந்து ஊர் சுற்ற வேண்டும். இரு சக்கர வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், உரிமம் இருக்க வேண்டும். அருமையான பெண்கள் சிலர், "வண்டி ஓட்ட வீட்டில் விடவில்லை சார்" என்று சொல்லி வாய்ப்பை இழந்ததைக் கண்டிருக்கிறேன். பட்டம் படிக்க அனுப்பிவிட்டு வண்டிக்குத் தடை போடுவது நியாயமா என்று யோசியுங்கள். வெளியூர் போவதும் அப்படியே. வீரிய ஒட்டுக் காய்கறி விதை உற்பத்தி கர்நாடகத்தில் ராணிபென்னூர்ப் பக்கம் நிறைய நடக்கிறது. வீரிய ஒட்டு நெல் விதை தெலங்கானாவில் கரீம்நகர்ப் பக்கம். வேலை அங்கே இருந்தால் பிள்ளையும் அங்கே போக வேண்டும். ஆணோ பெண்ணோ, "தஞ்சாவூரிலேயே வேண்டும்" என்று முதல் நாளே சொன்னால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

கிராமத்தில் தங்க வரும் மாணவர்கள்

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் ஒரு காரியம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி அனுபவம் பெற வேண்டும். கிராமத் தங்கல் என்பது அதற்கு முன்பே உண்டு. உங்கள் ஊருக்கும் வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? இளநீர் வெட்டிக் கொடுத்து, வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுகிறோம். யார் வீட்டுப் பிள்ளையோ என்ற பாசம்! ஆனால் உங்கள் பிள்ளையும் இன்னொரு ஊரில் அப்படித்தான் இளநீர் குடித்துக்கொண்டிருப்பான். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். வரப்புச் செதுக்கச் சொல்லுங்கள், மருந்து கலக்கும் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வராத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வருஷம் நேர்முகத் தேர்வுக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் யாராவது வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். கடைசிப் பேருந்து எட்டரைக்குத்தான் என்றார்கள். அதுவரை இந்த வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.