அடுப்படிப் பாதுகாப்பு: எத்தாளை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பளத்தையும் சந்தாவையும் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரு வீட்டில் நெருப்புச் சுட்டுவிட்டால் அயலில் எழும் முதல் பேச்சு என்ன? "அவள் கவனமில்லாமல் இருந்திருப்பாள்." இந்தப் பேச்சை நாம் அப்படியே ஏற்கக்கூடாது.

2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய குழாய், பிழையான ரெகுலேட்டர், பாவிப்பவரின் கவனக்குறைவு என்றுதான் முதலில் பேச்சு. பிறகு ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து, காஸ் கலவை மாறியதே முக்கிய காரணம் என்றது. நாம் வாங்கும் காஸ் புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்தது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். முன்பு தாங்கிய குழாயும் வாஷரும் அப்போது கசியத் தொடங்கும். சோறு வடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

மண்ணெண்ணெய் விளக்கின் கதையும் இதுதான். குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை, விளக்கையே மாற்றினார். குட்டையான கனத்த போத்தல், விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கமும் தட்டை, எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனையாம். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை போனபோது எத்தனை வீட்டில் சோடாப் போத்தலில் திரி போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு காஸ் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. பலர் மறுபடி விறகுக்கு வந்தோம். தென்னந்தோட்டத்தில் விறகுக்குக் குறைவில்லை: பாளை, கங்குமட்டை, சிரட்டை, பொச்சுமட்டை. ஆனால் நம் அடுப்படிக்கு மேலே இருப்பது கிடுகு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். அந்தக் காற்றை நம்பிப் பட்டத்தில் தொங்கி விளையாட வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருகிறார்கள். நம் அடுப்பிலோ அது பன்னாடைப் பொறியைக் கூரைக்குத் தூக்கிப் போகிறது. கச்சான் காலத்தில் பன்னாடையும் ஓலையும் அடுப்பில் வைக்காதீர்கள். காற்று வரும் பக்கம் தகரமோ கல்லோ வைத்து மறையுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் கிட்ட இருக்கட்டும். சட்டியில் எண்ணெய் பற்றினால் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

காஸ் வைத்திருப்பவர்கள் சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். இணைப்பில் சவர்க்கார நுரை தடவினால், கசிவிருந்தால் குமிழி வரும். காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். மணம் வந்தால் கதவைத் திறவுங்கள், சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், வெளியே வாருங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, தேங்காயெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். வீங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சோடாப் போத்தலில் எண்ணெய் ஊற்றி வைப்பதால்தான் பிள்ளை அதைக் குடிக்கிறது.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. கிடுகுக் கூரையை மாற்றுவதும், புகைபோக்கி கட்டுவதும், குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பதும் வீடு தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும்வரை நிர்வாகத்தின் பொறுப்பு. ஓலைக் கொட்டிலில் சமைக்க வைத்துவிட்டுக் கவனமாக இரு என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே உங்கள் அடுப்படிக்கு என்ன கூரை, தண்ணீர் எத்தனை அடி தூரத்தில், இதற்கு முன் தீப்பிடித்ததா என்பதை எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் இன்று கூட்டம் கலையுமுன் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.