கடலிற் கண்ணளவு

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

வைத்திக்குப்பம் முதல் வீராம்பட்டினம் வரை வாழும் நமக்கு முன்னோர் வைத்துச் சென்ற ஆஸ்திகளுள், பத்திரத்தில் எழுதப்படாதது ஒன்றுண்டு. கடல்மீதிருந்து தூரத்தைக் கண்ணாலேயே மதிக்கும் வித்தையே அது.

தரையில் தூரமறிவது எளிது. இடையே மரமும் வீடும் வரப்பும் நிற்கின்றன. கடலிலோ நீரையன்றி வேறில்லை. ஆதலாற் கண் ஏமாறும். மழை பெய்து தெளிந்த காலையில் கரை கிட்டத் தோன்றும். மூட்டத்தில் அருகிலுள்ள கப்பலும் எட்ட நிற்பதுபோற் காணும். இரவில் தனித்து எரியும் விளக்கு, அருகிலுள்ள சிறு விளக்கோ, தொலைவிலுள்ள பெருவிளக்கோ என்று நிச்சயிப்பது அரிது.

இதற்குப் பெரியோர் கண்ட உபாயங்கள் சிலவற்றைக் கூறுவோம். பூமி உருண்டையாதலின், கரையை விட்டு ஓட ஓட மணலும், பின்பு வீடுகளும், பின்பு தென்னந்தலைகளும் முறையே அமிழும். எது அமிழ்ந்தது, எது நிற்கிறது என்று கண்டே தூரஞ் சொல்வர். கணக்கும் இதனை ஒப்பும். நீர்மட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் மேலுள்ள கண்ணுக்கு அடிவானம் 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரமே. 1979-ல் எழுந்த 48 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியோ, வானந் தெளிந்திருப்பின் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வரை தெரியும்.

கரையில் முன்னும் பின்னுமுள்ள இரண்டு அடையாளங்களை நேராக்கினால் ஒரு கோடு கிடைக்கும். வேறிரண்டை நேராக்கினால் மற்றொரு கோடு. இரண்டும் கூடுமிடமே நாம் நிற்குமிடம். குமரிக் கடற்கரையார் இதனைக் கணியம் என்பர்.

கப்பலின் தூரமறியக் கட்டை விரலே போதும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரலைக் கப்பலுக்கு நேரே பிடித்து, பின் மறுகண்ணாற் காண்க. விரல் விலகித் தோன்றும் அளவு 100 மீட்டர்க் கப்பலின் ஒரு நீளமாயின், அதைப் பத்தாற் பெருக்குக. தூரம் சுமார் 1,000 மீட்டர்.

'ஜி.பி.எஸ். கருவியிருக்க இஃதெதற்கு?' என்று நம் வாலிபர் வினவுவர். கருவி நன்றே, அதனை வேண்டாமென்போமல்லேம். ஆயினும் அது நாம் நிற்குமிடத்தைச் சொல்லுமேயன்றி, எதிரே விளக்கின்றி வரும் படகின் தூரத்தைச் சொல்லாது. மின்கலம் தீர்ந்தாலோ வாயடைத்துப் போம்.

அன்றியும், அடையாளங்கள் நிலையல்ல. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயல் எத்தனையோ மரங்களை வீழ்த்திற்று. புதிய மாடங்கள் பழையவற்றை மறைக்கின்றன. ஆகையால் பாட்டனார் குறித்தவை பேரனுக்கு அப்படியே உதவா. பார்க்கும் பழக்கமே உதவும். அப்பழக்கமோ ஏட்டில் வாராது. பெரியவர் பக்கத்திலிருந்தே வரும்.

ஆதலால் பெரியோர்களே! கடலுக்குச் செல்லும் பிள்ளைகளைக் கருவியைப் பார்க்குமுன் தூரத்தைக் கண்ணால் மதித்துச் சொல்லச் செய்யுங்கள். பின்பு கருவியோடு ஒத்துப் பாருங்கள். இவ்வாஸ்தி பங்கிடப் பங்கிட வளரும். பங்கிடாவிடில் நம்மோடே மறையும்.