சூரைச்செடியின் அடியில் ஒரு மாணவன்



இன்று பொதுக்காலத்தின் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்திலிருந்து முதல் வாசகம் கேட்டோம். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை வென்ற எலியா, ஈசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

நான் ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் துறவறச் சகோதரி. இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். அவன் பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன். வாரத்தில் மூன்று நாள் வயிற்றுவலி என்பான். மருத்துவர் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "நடிக்கிறான் சிஸ்டர், நாலு வார்த்தை நல்லா சொல்லுங்க" என்று வகுப்பாசிரியர் என்னிடம் அனுப்பினார். நானும் சொன்னேன். நாலு வார்த்தை அல்ல, அரைமணி நேரம்! படிப்பின் அருமை, பெற்றோரின் உழைப்பு, செபத்தின் வல்லமை எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினான். "சரி சிஸ்டர்" என்று எழுந்து போனான். அடுத்த வாரமும் அதே வயிற்றுவலி.

ஒருநாள் மதிய இடைவேளையில் வந்து வாசலில் நின்றான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன், பதில் இல்லை. என் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, பெஞ்சில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். அடுத்த பாட வேளைக்கு மணி அடித்தது. எழுப்ப மனம் வரவில்லை. ஆசிரியரிடம் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

எழுந்த பிறகுதான் பேசினான். அப்பா தினமும் குடித்துவிட்டு வருகிறார். அம்மாவை அடித்துவிடுவாரோ என்று, அவர் தூங்கும்வரை இவன் கண்விழித்துக் காவல் இருக்கிறான். சில நாள் இரவு இரண்டு மணி ஆகிவிடும். காலையில் அரக்கப்பரக்க, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடிவருகிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் துக்கத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. வயிறு சொல்கிறது, தலைவலி சொல்கிறது. அதை நடிப்பு என்கிறோம்.

எலியாவிடம் வந்த வானதூதரைக் கவனியுங்கள். இறைவாக்கினனே இப்படிப் பேசலாமா என்று அவர் கேட்கவில்லை. கர்மேல் வெற்றியை நினைவூட்டவும் இல்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டார், மறுபடியும் தூங்கினார். தூங்கவிட்டு, மறுபடியும் வந்து உணவு கொடுத்தார். இன்றைய வாசகம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டில் விவிலியத்தைத் திறந்து தொடர்ந்து படியுங்கள். ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். எலியாவும் இரண்டு முறை அதே புலம்பலைச் சொல்கிறார். முன்பே சொன்னாயே என்று ஆண்டவர் இடைமறிக்கவில்லை. ஆலோசகர் படிப்பில் நான் கற்றதைவிட இந்த இடத்தில் கற்றது அதிகம்.

அந்தப் பையனிடம் நேரடியாகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்க ஒருவர் கிடைத்ததே பிள்ளைக்கு ஆறுதல். "சில நாள் தோணும் சிஸ்டர். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை. "மத்ததெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். உன் உயிர் விஷயத்தை மட்டும் அம்மாகிட்ட சொல்லியே ஆகணும். உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்றேன்" என்றேன். கோபித்துக்கொண்டான். இரண்டு நாள் என் முகம் பார்க்கவில்லை.

அம்மா வந்தார்கள், கேட்டதும் அழுதார்கள். பிறகு, "பாவமாச்சே சிஸ்டர், ஃபாதர்கிட்ட கூட்டிட்டுப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ண வைக்கட்டுமா?" என்றார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன், நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் கடும் மனவேதனை ஒருவருடைய பொறுப்பைக் குறைத்துவிடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2282ஆம் பத்தியில் சொல்கிறது. "அவனுக்கு முதல்ல தூக்கம் வேணும்மா, அப்புறம் டாக்டர்" என்றேன். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போவதற்குள் உறவினர் நாலு பேர், பையனைப் பைத்தியம் ஆக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டார்களாம். ஆனாலும் போனார்கள். இரவுகளில் அவன் தூங்குவதற்குப் பாட்டி வீட்டில் ஏற்பாடு ஆனது.

உங்கள் வீட்டுப் பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும்படி பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வயிற்றுவலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமைகளில் வருகிறான், டப்பா மூடியை அவனே எடுத்து வைக்கிறான். அப்பா ஒரே ஒருமுறை பள்ளிக்கு வந்தார். வாயிற்கதவோடு நின்று, உள்ளே வாருங்கள் என்றதும் திரும்பிப் போய்விட்டார். அவருக்காக இன்றிரவு ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.