சி.ஆர்.பி. என்ன சொல்கிறது?



ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. டாக்டர் நிமோனியா என்கிறார். இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சீட்டில் சி.ஆர்.பி. என்று போட்டு, எதிரே 9.6 என்று இருக்கிறது. ஊசியும் மருந்தும் நடக்கின்றன. நான்காம் நாள் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் மறுபடி இரத்தம் பார்க்கிறார்கள். இந்தச் சீட்டில் 40 என்று இருக்கிறது.

மகள் இப்போதுதான் எழுத்தும் எண்ணும் கற்றவள். இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறாள். 9.6 எங்கே, 40 எங்கே! நோய் நாலு மடங்கு ஏறிவிட்டதே என்று பதறுகிறாள். காதுத் தோட்டை அடகு வைத்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள்.

உண்மையில் அப்பாவின் சி.ஆர்.பி. ஏறவில்லை. பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அது எப்படி? கொஞ்சம் பொறுங்கள். முதலில் சி.ஆர்.பி. என்றால் என்ன என்று பார்ப்போம்.

பருப்பிலும் முட்டையிலும் புரதச் சத்து இருக்கிறது என்று கேட்டிருப்பீர்கள். நம் இரத்தத்திலும் பலவகைப் புரதங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றுதான் சி.ஆர்.பி. முழுப்பெயர் சி-ரியாக்டிவ் புரோட்டீன். இதைச் செய்வது நம் கல்லீரல்.

இதைக் கண்டுபிடித்தது 1930-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே டில்லெட், பிரான்சிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நிமோனியா நோயாளிகளைக் கவனித்து வந்தார்கள். அப்போது பென்சிலின் மருந்து புழக்கத்துக்கு வரவில்லை. நிமோனியா வந்தவர்களில் பலர் இறந்துபோனார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ‘சி’ என்று பெயர். நோயாளியின் இரத்த நீரோடு அதைக் கலந்தார்கள். திரிந்த பால் போல அது திரண்டது. நோய் தீர்ந்தவரின் இரத்த நீரில் கலந்தபோது திரளவில்லை. அப்படியானால் நோய் இருக்கும்போது மட்டும் இரத்தத்தில் ஏதோ ஒன்று கூடுகிறது அல்லவா? அந்தப் பொருளை நம் உடம்பே செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

நல்ல உடம்புக்காரரின் ஒரு லிட்டர் இரத்த நீரில் சி.ஆர்.பி. பெரும்பாலும் 3 மில்லிகிராமுக்குள் இருக்கும். ஓர் அரிசி மணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் உடம்பில் இரத்த நீர் மூன்று லிட்டர் போல இருக்கும். அத்தனையிலும் சேர்த்து அரை அரிசி எடைகூடத் தேறாது. கடுமையான கிருமித் தொற்று வந்தால் லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் என்று ஏறும். அதற்கு மேலும் போகும்.

காய்ச்சல் வந்த ஒரு மணி நேரத்தில் ஓடிப்போய் இந்தச் சோதனை செய்தால் பயனில்லை. ஏறத் தொடங்கவே ஆறு மணி நேரம் போல ஆகும். உச்சிக்குப் போக இரண்டு நாள் ஆகும். காரணம் நின்றுவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மருந்து கேட்கிறதா இல்லையா என்று டாக்டர்கள் இதை வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

இப்போது அந்த இரண்டு சீட்டுக்கு வருவோம். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலில் எம்.ஜி. என்று இருக்கும். அது மில்லிகிராம். அடுத்து ஒரு சாய்கோடு. கோட்டுக்குப் பிறகு எல் என்று ஒற்றை எழுத்து இருந்தால், ஒரு லிட்டரில் இவ்வளவு என்று பொருள். டி.எல். என்று இரண்டு எழுத்து இருந்தால் டெசிலிட்டர். அது லிட்டரில் பத்தில் ஒரு பங்குதான். முதல் சீட்டில் 9.6-க்குப் பக்கத்தில் டி.எல். என்று இருந்தது. பத்தால் பெருக்குங்கள். லிட்டருக்கு 96 ஆகிறது. இரண்டாம் சீட்டில் 40-க்குப் பக்கத்தில் எல் மட்டுமே. ஆக, 96-லிருந்து 40-க்கு வந்திருக்கிறது. தோடு காதிலேயே இருக்கலாம். பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் ஒரே அளவில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. என்ன செய்வது, எழுதுவதில்லையே!

இன்னொன்றும் உண்டு. வாசலில் நாய் குரைக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. திருடனா, நரியா, தபால்காரரா? வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும். சி.ஆர்.பி.யும் அப்படித்தான். கிருமித் தொற்றுக்கும் ஏறும், மூட்டு வாதத்துக்கும் ஏறும். அடிபட்டாலும், அறுவை சிகிச்சை செய்தாலும் ஏறும். கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவருக்கு ஏற வேண்டிய அளவு ஏறாமலும் போகும். ஆகவே சீட்டை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சீட்டோடு அலைந்தன. லேசான நோய் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை, வீண் பயம்தான் வரும் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அப்போதைய இயக்குநரே அந்த மே மாதம் சொன்னார்.

சரியான இடத்தில் செய்தால் நல்ல பயன் உண்டு. வியட்நாமில் ஹனோய் பக்கத்து சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2016-இல் வெளியானது. இருமல், சளிக்காய்ச்சலோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு விரல் நுனி இரத்தத்தில் சி.ஆர்.பி. பார்த்தார்கள். சோதனை செய்யாதவர்களில் 100-க்கு 78 பேர் ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்டார்கள். சோதனை செய்தவர்களில் 64 பேர்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் இருக்கலாமா என்று முதலில் சலித்துப் பார்க்கவும் இது உதவும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அடுத்த சோதனை செய்ய வேண்டும்.

காய்ச்சலே இல்லாதவருக்கும் சி.ஆர்.பி. கொஞ்சம் கூடி நிற்பதுண்டு. நாய் குரைக்காமல் உறுமிக்கொண்டே இருப்பது போல. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அது அனுப்பும் ஒரு பொருள் கல்லீரலைத் தூண்டி, சி.ஆர்.பி. செய்ய வைக்கிறது. இப்படிக் கூடி நிற்பவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோயும் மாரடைப்பும் அதிகம் வருகின்றன. சி.ஆர்.பி. இங்கே குற்றவாளி இல்லை, சாட்சி.

‘எனக்கு ஏது கொழுப்பு? ஒல்லியாகத்தானே இருக்கிறேன்’ என்று கேட்கிறீர்களா? புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு படம் 2004-இல் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் சமம், 22.3. உடம்புக் கொழுப்பு லண்டன்காரருக்கு 100-க்கு 9.1 பங்கு. நம் புனேக்காரருக்கு 21.2 பங்கு! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் ஒல்லியானவர்களும் உண்டு.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அறிய சி.ஆர்.பி. போதாது. அதற்குச் சர்க்கரைச் சோதனைதான் செய்ய வேண்டும். நடப்பதாலும், எடை குறைப்பதாலும், பீடியை விடுவதாலும் சி.ஆர்.பி. இறங்கும். ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருந்தால் அதற்கு வைத்தியம் பார்த்தாலும் இறங்கும். பல்வலிக்கும் இரத்தச் சீட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது பாருங்கள்!

மாரடைப்பு பயத்துக்காக இதைப் பார்ப்பதற்கு நுட்பமான தனிச் சோதனை உண்டு. சளியோ காய்ச்சலோ புண்ணோ இல்லாத நாளில் அதைச் செய்ய வேண்டும். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறையும் பார்ப்பது நல்லது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கஞ்சி குடித்துவிட்டே போகலாம்.