பிரமாதம் வேண்டா!
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



'பிரமாதம்' என்னும் சொல்லை இன்று நாம் பாராட்டாக வழங்குகிறோம். சமண நூல்களிலோ அதற்குச் சோர்வு, விழிப்பின்மை என்பதே பொருள். விழிப்பின்மையால் உயிர்க்கு நேரும் ஊற்றினையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது.

நான் அறிந்த மொத்த வணிகர் ஒருவர், கடை மின்னஞ்சலின் கடவுச்சொல்லை ஊழியர் நால்வரும் அறிய வைத்திருந்தார். எவனோ உட்புகுந்து, விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வாடிக்கையாளர்க்கு அனுப்பிவிட்டான். பணம் கள்வனைச் சேர்ந்தது. ஐயமோ கணக்கெழுதும் இளைஞன்மேல் விழுந்தது. அவன் குற்றமற்றவன் எனத் தெளிவதற்குள் ஒரு திங்கள் கழிந்தது. அவனும் வேலையை விட்டு நீங்கினான். இழந்த பொருளை வணிகர் மீண்டும் ஈட்டினார். அவ்விளைஞனின் மனப்புண்ணை ஆற்ற அவரால் இயலவில்லை.

இத்தகைய இடரைத் தடுப்பதே பலபடிச் சரிபார்ப்பு. நாம் அறிந்தது கடவுச்சொல்; நம் கையில் உள்ளது கைபேசி; நம் உடலோடு பிறந்தது கைரேகை. இவற்றுள் இருவகைச் சான்றுகளேனும் கூடினால்தான் கதவு திறக்கும். கடவுச்சொல் களவு போயினும் கள்வன் வாயிலிலேயே நிற்பான்.

இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் இம்முறை எல்லா வணிகர்க்கும் கட்டாயம். அங்கு ஊழியர் ஒவ்வொருவர்க்கும் தனிப் பயனர் பெயர் அமைக்கலாம். கடை மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்கிற்கும் இவ்வொழுங்கை நாமே மேற்கொள்ளல் வேண்டும். அவ்வாறு செய்யின் ஒருவர் செயல் மற்றொருவர் தலையில் விழாது.

சிம் அட்டையைச் சூழ்ச்சியால் தம்வயமாக்கிக்கொள்வாரும் உளர். ஆதலால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, கைபேசிச் செயலி 30 நொடிக்கொருமுறை மாற்றித் தரும் ஆறிலக்க எண் உறுதியானது. அதனையும் எவர் கேட்பினும் சொல்லற்க. கணக்கு எண் மாறியதாக மடல் வரின், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உசாவுக. பணம் பறிபோயின் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

கள்ளாமை நம் அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்று. பிறர் களவுக்கு இடங்கொடாமையும் அதன்பாற்பட்டதே என்பது என் எளிய கருத்து. இன்றிரவு கடைக் கதவை அடைக்குமுன், கணக்கின் கதவிற்கும் இரண்டாம் பூட்டினை இடுங்கள். பொருளைக் காக்க மட்டுமன்று; உங்களை நம்பி உழைப்பவரின் நற்பெயரைக் காக்கவும் அது வேண்டும்.

ஜெய் ஜினேந்திரா!