சப்பிரகமுவாவும் உல்லாசப் பயணியும்

இலங்கைத் தீவைக் காணவரும் செல்வம் மிக்க பயணிக்கு, பயண நிறுவனங்கள் நான்கு பொருள்களை வாக்களிக்கின்றன. பழம்பெருமை, தேயிலை மலை, வனவிலங்கு, கடற்கரை என்பனவே அவை. பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குள் இந்நான்கையும் காட்டி முடிப்பதே அந்நிறுவனங்களின் திறமையாகக் கொள்ளப்படுகிறது. பழம்பெருமைக்குச் சிகிரியாவும் கண்டியும், தேயிலைக்கு நுவரெலியா, விலங்குக்கு யால, கடலுக்குப் பெந்தோட்டையும் காலியும் என வகுத்து வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கிடையே வாகனங்கள் விரைந்து கடந்துவிடும் நிலப்பரப்பு ஒன்று உண்டு. கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவா மாகாணமே அது. 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட இந்நாட்டில் மேற்கூறிய நான்கனுள் மூன்று குறைவின்றி உள்ளன. நான்காவதாகிய கடல் மட்டுமே இல்லை. ஆயினும் தீவின் மேற்கிலும் தெற்கிலும் கடலைச் சேரும் மூன்று பேராறுகள் இம்மலைகளின் நீரைத்தான் சுமந்து செல்கின்றன. கொழும்பில் கடல் சேர்வது களனி கங்கை. களுத்துறையில் சேர்வது களு கங்கை. அம்பலாந்தோட்டைக்கருகில் சேர்வது வளவை கங்கை.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பெருந்தெரு கேகாலை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைந்த வழி அது. மலைநாட்டைப் படைக்குத் திறந்துவிட வெட்டப்பட்ட அவ்வழியே பின்னர்க் கோப்பிக்கும் தேயிலைக்கும் வழியாயிற்று. மாவனெல்லைக்கு அருகில் தெருவோரத்தே தெரியும் உதுவன்கந்தைப் பாறை, 1864இல் தூக்கிலிடப்பட்ட சரதியேல் என்னும் கொள்ளைக்காரனின் ஒளிவிடமாக இருந்தது. செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்று மக்கள் அவனைக் கதையிலே வாழவைத்திருக்கின்றனர். தெருவை விட்டுச் சற்று விலகினால் தெதிகம என்னும் சிற்றூர். பேரரசன் முதலாம் பராக்கிரமபாகு பிறந்த இடமென்று போற்றப்படும் அவ்வூரில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொட்டவெஹெர என்னும் பெருந்தாதுகோபம் நிற்கிறது. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கல யானை விளக்கு வியக்கத்தக்கது. கிண்ணத்தில் எண்ணெய் குறையுந்தோறும் நடுவிலுள்ள யானையின் உடலிலிருந்து வேண்டிய அளவு எண்ணெய் தானே வழிந்து நிரம்பும்; நிரம்பியதும் நின்றுவிடும். காற்றின் அழுத்தத்தையும் நீரியல்பையும் அறிந்த கம்மியர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும் சிகிரியாவுக்குச் செல்லும் பயணிகளுள் தெதிகமத்தின் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே.

அவர்கள் அனைவரும் அறிந்த பெயர் பின்னவலை. தாயிழந்த யானைக்கன்றுகளைக் காப்பதற்காக 1975இல் தொடங்கப்பட்ட நிலையம், 1984இல் தன்னிடத்தே ஈன்ற முதற் கன்றைக் கண்டது. மா ஓயாவில் யானைகள் கூட்டமாக நீராடும் காட்சி உலகெங்கும் படமாகப் பரவியிருக்கிறது. காப்பதற்கென்று தோன்றிய இடம் காட்சிக்கென்று வளர்ந்தபோது, சங்கிலியும் சனக்கூட்டமும் பற்றிய கண்டனங்களும் உடன் வளர்ந்தன.

கேகாலையின் தெற்கே களனி கங்கைப் பள்ளத்தாக்கில் ருவன்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, கித்துல்கலை ஆகிய ஊர்கள் இறப்பர்த் தோட்டங்களாற் சூழப்பட்டவை. கித்துல்கலையில் ஆற்று நீர் பாறைகளிடையே நுரைத்துப் பாய்கின்றது. காற்றடைத்த படகிலேறி அந்நீரோட்டத்திற் செல்வது இப்போது இளைஞரின் பெருவிளையாட்டாகிவிட்டது. இவ்வூருக்கு உலகப் புகழ் தந்தது ஒரு திரைப்படம். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' இங்கேதான் படமாக்கப்பட்டது. அதன் பொருட்டு மரத்தாற் கட்டி வெடிவைத்துத் தகர்த்த பாலத்தின் அடித்தளத்தை வழிகாட்டிகள் இன்றும் காட்டுகின்றனர்.

அப்படத்தின் கதை, இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே அமைத்த இரயில் பாதையிலே உழைத்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றியது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து அப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையான பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் கதை அதில் இல்லை. படமெடுத்த ஆற்றின் இருகரையிலும் இறப்பர் மரங்கள். அம்மரங்களிற் பால் வெட்டியோர், மலாயாவுக்குச் சென்றோரைப் போலவே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஒரே குடியின் ஒரு கிளை அங்கே மடிந்தது. மற்றொரு கிளை இங்கே உழைத்தது. படம் பார்க்கும் உலகத்துக்கு இரண்டுமே தெரியவில்லை. உல்லாசப் பயணத்தின் குறை யாதென்பதற்கு இதனினும் தெளிவான உவமை கிடைப்பது அரிது. இயற்கை தெரிகிறது, பாலம் தெரிகிறது. தோட்டத்து மனிதன் மட்டும் தெரிவதில்லை.

அம்மனிதனின் வரலாறு சுருக்கமாகவேனும் அறியத்தக்கது. தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததை மலையக மக்கள் 2023இல் நினைவுகூர்ந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலையிலே தேயிலையும், தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலே இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003இல் நிறைவேறிய சட்டத்தினாலேதான் தீர்ந்தது.

நுவரெலியாவில் தமிழர் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. சப்பிரகமுவாவில் அவ்வாறன்று. ஒரு தோட்டம், அப்பால் சில சிங்களக் கிராமங்கள், மீண்டும் ஒரு தோட்டம் எனச் சிதறிக் கிடப்பதே இங்குள்ள அமைப்பு. அதனால் அயலாரோடு பேச்சும் பழக்கமும் நெருங்கின. திருவிழாக்களிற் கொண்டும் கொடுத்தும் வாழும் ஊர்கள் பல உண்டு. அதே சிதறலினால் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இத்தோட்டத்தார் துணையின்றித் தனித்து நின்றனர். பலர் அனைத்தையும் இழந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். தமிழ் மாணவன் மேல்வகுப்பைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியிருப்பதும் இச்சிதறலின் பயனே.

இறப்பர்த் தோட்டத்தில் வேலை பொழுது விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறுமுன்பே பால் நன்கு ஒழுகும். பட்டையைச் சரிவாகச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, வாளியிற் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் வராது. மழை பெய்தால் வெட்டு நின்றுவிடும். இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. தேயிலையும் இங்கே வேறு வகையினது. உயர்ந்த மலையின் மென்மையான தேநீர்க்கு மாறாக, தாழ்நிலத்துக் கொழுந்து கருமையும் கடுமையும் உடைய சாயத்தைத் தருகிறது. மத்திய கிழக்கு நாடுகளில் அதற்குப் பெருமதிப்பு உண்டு. தீவின் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இத்தகைய தாழ்நிலத் தேயிலையே. அதனை விளைவிப்போருட் பெரும்பாலார் ஓரிரு ஏக்கர் நிலமுடைய சிறுதோட்டக்காரர்.

பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இப்போது ஆடம்பர விடுதிகளாகியிருக்கின்றன. அகன்ற விறாந்தை, புல்தரை, பிற்பகலில் வெள்ளித்தட்டில் வரும் தேநீர் ஆகியவற்றுக்காகப் பயணி ஓரிரவுக்குக் கொடுக்கும் பணம், அந்தப் புல்தரைக்குக் கீழே கொழுந்து பறிப்பவளின் பல வாரச் சம்பளத்துக்கு மேலாகும். அவளுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வருவதற்கே 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. அவளது வீடோ, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அறைகள் வரிசையாய் அமைந்த லயம். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாள்களிற் புலத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமொன்றும் மண்ணுள் மறைந்தது. பயணி படம்பிடிக்கும் அழகிய சரிவுகள் அங்கு வாழ்வோர்க்கு மழைதோறும் அச்சம் தருபவை என்பதை அவர் அறிதல் வேண்டும்.

இரத்தினபுரி தன் பெயர்க்கேற்ப மணிகளின் நகரம். வயல்களின் அடியிலுள்ள 'இல்லம்' என்னும் பரல்மண் படையிலேதான் நீலம், புட்பராகம், வைடூரியம் முதலியன கிடக்கின்றன. சதுரமாகக் குழி தோண்டி, பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டமிட்டு, இடைவெளியிற் காட்டுத்தழைகளைத் திணித்து, ஊறும் நீரை இயந்திரத்தால் இறைத்தவாறே கீழே இறங்குவர். வாரிய பரலைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்ற, மணல் ஓடிக் கனத்த கற்கள் அடியில் தங்கும். நாட்கூலி பெறுவதிலும் பங்கு பெறுவதே இத்தொழிலின் மரபு. நிலத்துக்கொரு பங்கு, அனுமதி பெற்றவனுக்கொரு பங்கு, இயந்திரத்துக்கொரு பங்கு, குழியில் இறங்கியோர்க்கொரு பங்கு என அது வகுக்கப்படும். கல் கிடைக்காத மாதங்களில் முதலிட்டவர் உணவுச் செலவைத் தாங்குவார். இழப்பையும் ஊதியத்தையும் பகிர்ந்து கொள்ளும் இம்முறை அயலிலுள்ள தோட்டத்திற் காணப்படாதது. உல்லாசப் பயணத் தொழிலுக்கும் நல்லதொரு பாடமாவது.

நகருக்கு மேலே ஓங்கி நிற்பது சிவனொளிபாதமலை. அதன் உயரம் 2,243 மீற்றர். சைவர் சிவனது பாதம் என்பர்; பௌத்தர் புத்தரது பாதம் என்பர்; இசுலாமியர் ஆதமின் பாதம் என்பர். மொறோக்கோ நாட்டு இபுன் பதூதா 1344இல் இம்மலையேறிச் சங்கிலிகளைப் பற்றி எழுதி வைத்தார். அற்றன் வழியாக நல்லதண்ணியிலிருந்து ஏறுவோரே இன்று பலர். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாகச் செல்லும் பழைய பாதை நெடியது, கடியது. ஆனாற் காட்டின் அமைதியை அங்கேதான் காணலாம்.

மாகாணத்தின் தென்மேற்கில் சிங்கராஜ வனம். ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தை வெட்டத் தொடங்கியபோது மக்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர்; 1977இல் வெட்டு நின்றது; 1988இல் அது உலக மரபுச் சொத்தாயிற்று. இங்குள்ள மரவகைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இத்தீவுக்கே உரியன. பலவினப் பறவைகள் ஒன்றாய்க் கூடி இரைதேடும் காட்சியைக் காண விரும்புவோர், அட்டைக் கடிக்கு அஞ்சாது மெல்ல நடக்க வேண்டும். தென்கிழக்கே, ஊவா மாகாணத்து எல்லையில், 1972இல் அமைந்த உடவளவைத் தேசிய வனத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் உலவுகின்றன. அதனருகே 1995இல் நிறுவப்பட்ட இடைத்தங்கல் நிலையத்தில் அநாதைக் கன்றுகள் பாலூட்டி வளர்க்கப்பட்டுப் பின் காட்டிலே விடப்படுகின்றன. காண வருவோர் தொலைவிலே நின்று பார்க்கலாம், தொடலாகாது. யானையின் நலத்தை முன்வைத்து, மனிதனின் ஆவலைப் பின்வைத்த ஏற்பாடு இது. அங்கிருந்து எம்பிலிப்பிட்டி வழியாக வளவை கங்கையைத் தொடர்ந்தால் அம்பலாந்தோட்டைக் கடற்கரை. நான்காம் வாக்குறுதியும் இவ்வாறு நிறைவேறுகிறது.

1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 பயணிகளே இலங்கைக்கு வந்தனர். 2018இல் அத்தொகை 23 இலட்சத்தைக் கடந்தது. 2019இன் குண்டுவெடிப்பும், அதன்பின் வந்த தொற்றுநோயும், 2022இன் பொருள்நெருக்கடியும் அதனை வீழ்த்தின. எனினும் 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. இனியும் பெருகுமாயின், இதுவரை கடந்து செல்லப்பட்ட சப்பிரகமுவாவும் தங்கிச் செல்லும் இடமாகும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு ஆகுங்கால் அது யாருக்குப் பயன்தரும் என்பதே கேள்வி.

தோட்டத்து இளைஞர் தமிழும் சிங்களமும் இயல்பாகவே பேசுவர். ஆங்கிலமும் கற்பித்தால் தேர்ந்த வழிகாட்டிகளாவர். பங்களாவில் விருந்தினரை உபசரிக்கும் தொழிலுக்கு நகரத்திலிருந்து ஆளழைக்க வேண்டுவதில்லை. லயத்துப் பிள்ளைகளைப் பயிற்றினாற் போதும். உணவு சமைத்து, தம் வீட்டிலேயே விருந்தினரை ஏற்கத் தோட்டத்துப் பெண்கள் விரும்பலாம். அதற்கு முதலில் ஏற்கத்தக்க வீடும், அந்நிலத்தின் உரிமைச் சீட்டும் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். விடுதியின் வருவாயில் ஒரு பங்கு தோட்டத்துப் பாடசாலைக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும் போகுமாறு ஒப்பந்தத்திலேயே எழுதலாம். கொழுந்து பறிப்பவளைப் படமெடுக்குமுன் அவளிடம் அனுமதி கேட்பது எச்செலவும் இல்லாத நாகரிகம்.

ஆடம்பரம் என்பதன் அளவு மெத்தையின் மென்மையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு நாட்டின் மண்ணையும் மக்களையும் உள்ளவாறு அறிந்து செல்லும் வாய்ப்பே பயணிக்குக் கிடைக்கும் பெரும் பேறு. குழியிலிறங்கியவனுக்குக் கல்லிற் பங்குண்டு என்பது இரத்தினபுரியின் பழைய நீதி. மலையைப் பசுமையாக்கியவளுக்கு அப்பசுமையால் வரும் வருவாயிற் பங்குண்டு என்னும் நீதியும் அம்மாகாணத்திலேயே தோன்றுமாயின், அங்கு வருவோரும் வாழ்வோரும் ஒருங்கே மகிழ்வர்.